பூஜ்ஜியத்தில் நிற்பவர்கள்

கை காய்ந்துவிட்டது. எலுமிச்சை சாதம் பிசைந்த விரல்களில் மஞ்சள் ஒட்டி இழுக்கிறது, எழுந்து போய்க் கழுவ வேண்டும், ஆனால் எழுந்தால் திரையில் இருக்கிற இந்த வரியை விட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்போது இது இங்கே இருக்காதோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம். எங்கே போய்விடும்? இத்தனை காலமாக இங்கேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த வரிதானே, நான்தான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஏசித் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டுகிற இந்த அறையில் உட்கார்ந்து நாங்கள் ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிறோம், ஜவுளிக்கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, நர்சரிப் பள்ளிக்கூடத்துக்கு, நடுவில் முதலாளி தாமோதரன் சார் புண்ணியத்துக்கு என்று சம்மதித்தது இந்த ஒன்று. காணாமல் போனவர்களைத் தேடுகிற தளம். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் இருக்கிற காப்பகங்கள், தெருவில் கிடந்தவர்களை, பேர் சொல்லத் தெரியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லங்கள், அவர்களுடைய அடையாளங்களை இதில் பதிவார்கள். ஆளைத் தொலைத்தவர்கள் தங்கள் ஆளின் அடையாளங்களைப் பதிவார்கள். பொருத்திப் பார்ப்பது மெஷின் வேலை. காலையில் சார் ஒரு மெயிலை எனக்குத் தள்ளிவிட்டு மேலே 'பாருங்க' என்று மட்டும் போட்டிருந்தார். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் சின்ன இல்லம் நடத்துகிற ஒரு சிஸ்டர் எழுதியது. எங்களிடம் இருக்கிற வயதான அம்மா ஒருவரைத்தான் பதிந்திருக்கிறோம், எந்த அடையாளம் கொடுத்துத் தேடினாலும் எங்கள் இல்லம் வருவதே இல்லை, நாங்கள் என்ன தவறு செய்கிறோம் என்று கேட்டிருந்தார். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை சிஸ்டர். ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு அர்ரே, ஆட்களை நிறுத்திவைத்த வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபைண்ட்இண்டெக்ஸ் என்று கேட்டால் அது வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போய், பொருந்துகிற ஆள் நிற்கிற இடத்தின் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும். யாரும் பொருந்தவில்லையென்றால் மைனஸ் ஒன்று. மெஷின் எண்ணத் தொடங்குவது பூஜ்ஜியத்திலிருந்து, அதனால் முதல் ஆள் நிற்கிற இடம் பூஜ்ஜியம். இந்த வரி என்ன சொல்கிறது? எண் பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருந்தால் 'உண்டு', மற்றபடி 'இல்லை'. அப்படியானால் ஒவ்வொரு இல்லத்திலும் முதலில் நிற்கிறவரை மெஷின் ஒழுங்காகக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறது, நாங்கள் வாசலில் நின்றுகொண்டு, இல்லை, யாரும் இல்லை, போ என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு தப்பு நடக்கும்? ரேஷன் கடையில் வரிசையின் முதல் ஆளைப் பார்த்து நீ இல்லவே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா, சட்டையைப் பிடித்துவிடுவார்கள். இங்கே முதலில் நிற்பவர்கள் சட்டையைப் பிடிக்கிற ஆட்கள் இல்லை.

ஜெரோமும் யார் சட்டையையும் பிடித்ததில்லை. என் தம்பி. அடி வாங்கிக்கொண்டு வந்தால்கூட விழுந்துட்டேன்க்கா என்பான். இடது புருவத்தில் தழும்பு, கேரம் போர்டின் மூலையில் இடித்துக்கொண்டது, புருவம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து நடுவில் வழவழவென்று ஒரு கோடு. வலது முழங்காலில் சைலன்சர் சுட்ட வட்டம். இந்த இரண்டையும்தான் நான் அடையாளமாகப் பதிந்திருக்கிறேன், பேரை வைத்துத் தேடிப் பிரயோஜனமில்லை, பேச்சு நின்றுபோன நாட்களில் அவனிடம் பேர் கேட்டால் சுவரைப் பார்ப்பான். கேட்டவர்கள் தாங்களே ஒரு பேர் வைத்துவிடுவார்கள், ராஜா என்றோ குமார் என்றோ, இல்லங்களில் அப்படித்தான் பாதிப்பேர் ராஜா. ஜெரோம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குக்கூடப் போய்க்கொண்டிருந்தான், அந்த வருடம் எங்கள் சர்ச் பங்கு ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன் என்றான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில், காவி வேட்டி, காவித் துண்டு, மாத்திரையைத் தனிப் பையில் போட்டு ஒவ்வொன்றையும் எப்போது சாப்பிடுவது என்று மேலே நான் எழுதிக் கொடுத்தேன். மேலப்புதூர் முனையில் நான்தான் நின்று கையசைத்தேன், வெறுங்காலோடு தார் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாகப் போனான், காவியில் எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் இருந்தது, நான் வேறு யார் முதுகுக்கோ கையசைத்துக்கொண்டிருந்திருக்கலாம். நீடாமங்கலம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தானாம். நீங்க போங்க, பின்னாடியே வரேன் என்றானாம். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை. பின்னாடியே என்றால் எவ்வளவு பின்னாடி தம்பி? பந்தல்காரர், பஸ் கண்டக்டர், டீக்கடை, போலீஸ் ஸ்டேஷன், கோவில் வாசலில் படுத்திருப்பவர்கள் முகத்தில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தது, எல்லாம் முடிந்து கடைசியில் மிஞ்சியது இந்தத் தேடல் பெட்டி. தினமும் ஆபீசுக்கு வந்ததும் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள், இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல பாத்தியா? பாத்தேம்மா. என்ன சொல்லுது? இல்லைங்குதும்மா. அம்மா தலையை ஆட்டிவிட்டு விட்ட மணியிலிருந்து தொடங்குவாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் அப்படி நம்பியதில்லை. அதுதான் விஷயம், அதைத்தான் இப்போது பயத்தோடு நினைத்துப் பார்க்கிறேன். இல்லை என்று திரையில் வந்த ஒவ்வொரு தடவையும் நான் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். இல்லத்தில் எழுதுகிறவர் அவனுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்திருப்பார், இடது புருவம் அவருக்கு வலதாகத் தெரிந்திருக்கும், வலது போட்டுத் தேடு. தழும்பைத் தாடிக்கு நடுவில் யார் கவனித்திருப்பார்கள், அதை விட்டுவிட்டு முழங்காலை மட்டும் போட்டுத் தேடு. வெயிலில் அலைந்து முகம் முற்றிப்போயிருக்கும், வயதைக் கூட்டிப் போட்டுத் தேடு. வயதை எடுத்தே விடு. ஒன்று சரியாக இல்லாததால்தான் இல்லை என்கிறது, அதைச் சரிசெய்தால் உண்டு என்றுவிடும். மற்றவர்களுக்கு இல்லை என்றால் இல்லை, என் தொழிலில் இருப்பவளுக்கு இல்லை என்றால் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது, தேடு என்று அர்த்தம், அந்த அர்த்தத்தைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன், ஜவுளிக்கடைக்குத் தீபாவளித் தள்ளுபடிப் பக்கம் செய்து கொடுத்தேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு விசித்திரமான மதிப்பு உண்டு, கணக்குத் தப்பாகும்போது வருவது, அதை அதனோடேயே ஒப்பிட்டாலும் சமம் இல்லை என்று வரும். வரிசையில் அது நின்றுகொண்டிருந்தாலும் இண்டெக்ஸ்ஆஃப் என்கிற தேடல் அதைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் அது அதுவாகவே இல்லையே. படித்த நாளில் சிரித்தேன். பிறகு ஒருநாள் காலையில் ஜெரோம் முகம் கழுவப் போனவன் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்று, அக்கா, இது நான் இல்லைக்கா, ஆள மாத்தி வச்சிட்டாங்க என்றான், பல் துலக்கிய நுரை வாயோரம் வழிய, எவ்வளவு அமைதியாகச் சொன்னான், அதிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கே தான் சமமாகாத ஒருவனை எதை வைத்துப் பொருத்துவது? தழும்பை வைத்துத்தான். தழும்பு மனசு மாறாது. சரி, இப்போது நிஜமாகவே தப்பு அகப்பட்டுவிட்டதே ஷீலா, ஆசைப்பட்டது இதைத்தானே, குதிக்க வேண்டியதுதானே. கை ஏன் வரமாட்டேன் என்கிறது? பெரியது என்கிற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி, ஒரே தட்டு, பெரியது அல்லது சமம், முடிந்தது. பொருந்தும்போது அந்த வரிசைகளின் முதல் ஆட்கள் எல்லோரும் உள்ளே வருவார்கள். கும்பகோணம் இல்லத்தின் முதல் ஆள், தஞ்சாவூர் இல்லத்தின் முதல் ஆள், மன்னார்குடி, மயிலாடுதுறை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. அதில் முதலில் நிற்பது யார்? பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம், தடுப்பவர் யாரும் இல்லை, பார்க்க மாட்டேன். பயம் ஒன்றில்லை, இரண்டு. அவன் அங்கே இருந்தால், இத்தனை நாளும் பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான், நான் இங்கே தினம் இரண்டு தடவை அவனை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அது ஒரு பயம். இல்லாவிட்டால் என்பது இன்னொன்று, அதை நினைக்கும்போது மனசு வழுக்கிக்கொண்டு சாதத்துக்கும் கைகழுவுவதற்கும் போய்விடுகிறது. தப்பு இருக்கிறவரைக்கும் அவன் உண்டு. அப்படித்தானே?

"சாப்பாட்டை மூடாம வச்சிருக்கீங்க, ஈ உக்காருது," என்று பின்னாலிருந்து நவ்ஷாத் சொல்கிறார், கையில் இரண்டு டீ, கீழே கடையிலிருந்து தானே வாங்கி வந்திருக்கிறார். நவ்ஷாத் எனக்கு எதிர் மேஜை, என் வயதுதான், ஆனால் இன்றுவரை வாங்க போங்கதான், நானும் அப்படித்தான். திரையை மூட வேண்டும் என்று தோன்றியது, மூடவில்லை, மூடினால் அவருக்கு இன்னும் சந்தேகம் வரும் என்று ஒரு நொடி யோசித்ததில் நேரம் போய்விட்டது. இந்த வரி அவர் எழுதியது. நான் கேட்கக்கூட இல்லை. ஜெரோம் போன பிறகு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் தஞ்சாவூர் ரோடு முழுக்கப் போஸ்டர் ஒட்டினேன், பசை வாளியை அவர் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வருவார், டிராபிக் போலீஸ் நிறுத்தினால் எனக்காக அவர் கெஞ்சுவார். பிறகு ஒருநாள் சாரிடம் போய், காப்பகங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன சார், நான் பண்றேன், தனியா நேரம் போட்டுப் பண்றேன் என்று கேட்டுச் சம்மதம் வாங்கினார். அது ரம்ஜான் மாதம். நோன்பு வைத்துக்கொண்டு, உதடு வெடித்து, தண்ணீர் குடிக்காமல் எதிர் மேஜையில் உட்கார்ந்து இந்தத் தேடலை எழுதினார், நான் எதிரிலேயே டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், குற்ற உணர்ச்சியில் டீயை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வேன், அவர் சிரிப்பார். அந்தத் தாகத்தில் விரல் ஒரு சமக்குறியை விட்டுவிட்டது. எங்கள் தொழிலில் எல்லோரும் விடுவதுதான், நானே எத்தனை தடவை விட்டிருப்பேன், தள்ளுபடிப் பட்டியலில் முதல் புடவை வராமல் போகும், கடைக்காரர் போன் போட்டுக் கத்துவார், சரிசெய்துவிட்டுச் சிரித்துக்கொள்வோம். அவர் இப்போது சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேல் குனிந்து படித்தவர் நிமிரவே இல்லை. டீ கிளாஸ் மேஜையில் வைக்கப்படுகிற சத்தம், இன்னொன்று வைக்கப்படுகிற சத்தம். "ஷீலா," என்கிறார். பிறகு, "இது நான் எழுதுனது," என்கிறார். தெரியும் என்று சொல்ல நினைத்து, "விடுங்க," என்கிறேன். "எல்லா இல்லத்துலயும் முத ஆளு..." என்று தொடங்கியவர் அழுதுவிட்டார், ஒரு ஆண்பிள்ளை அழுவதைக் கிட்டத்தில் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை, அப்பா செத்தபோதுகூட ஜெரோம் அழவில்லை, சுவரைத்தான் பார்த்தான். எனக்குக் கோபம் வர வேண்டும் இப்போது. உள்ளே துழாவிப் பார்க்கிறேன், இவர்மேல் இல்லை, இவர்மேல் எப்படி வரும், இந்த ஊரில் என் தம்பியைத் தேடிய ஒரே ஆள். கோபம் அந்தச் சின்னக் குறிமேல் வருகிறது, அதைப் போட்டு மிதிக்க வேண்டும்போல வருகிறது, அவ்வளவு சின்னது. "நீங்க மாத்துறீங்களா, நான் மாத்தட்டுமா?" என்கிறார். "நானே மாத்துறேன். ஒரு நிமிஷம், கை கழுவிட்டு வந்துடறேன்."

குழாயில் தண்ணீர் வெந்நீராக வருகிறது, மாடித் தொட்டி வெயிலில் கிடக்கிறது. மஞ்சள் போகமாட்டேன் என்கிறது, சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், இதைவிட மெதுவாக ஒருவர் கை கழுவ முடியாது. மாதாவே. எப்படிக் கேட்பது? இருக்கட்டும் என்றா? இருக்க வேண்டாம், இத்தனை நாள் அங்கே காத்திருந்தான் என்று ஆக வேண்டாம், புதிதாக நேற்றுத்தான் வந்தான் என்று இருக்கட்டும் என்றா? வரிசை எப்போதோ போட்டது, முதலில் நிற்பவர்கள் முதலில் வந்தவர்கள். வேண்டுதலில்கூட இவ்வளவு நிபந்தனை போடுகிறவளை மாதா எந்த வரிசையில் நிறுத்துவாள்? இருக்கட்டும். எப்படியாவது இருக்கட்டும். திட்டட்டும் என்னை, பேசாமல் சுவரைப் பார்க்கட்டும், நான் நான் இல்லைக்கா என்று சொல்லட்டும், ஆமாம்டா, நீ இல்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். திரும்பி வந்து உட்காருகிறேன். ஈரக் கையைச் சுடிதாரில் துடைக்கிறேன். சமக்குறி. ஒரு தட்டு. சேமிக்கிறேன், மேலே ஏற்றுகிறேன், காத்திருக்கிறவர்கள் எல்லோருடைய தேடலையும் மறுபடி ஓட்டுகிற பட்டன் ஒன்று இருக்கிறது, நவ்ஷாத் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், உதடு அசைகிறது, என்ன ஓதுகிறார் என்று தெரியவில்லை, ஓதட்டும். அழுத்துகிறேன். வட்டம் சுற்றுகிறது. ஏசித் தண்ணீர் சொட்டுகிறது, கீழே பல் டாக்டரின் மெஷின் கிர்ரென்று யார் பல்லிலோ இறங்குகிறது. வந்துவிட்டது. புதிதாகப் பொருந்தியவர்கள், சில வரிகள், நான்கைந்து, கண் எதையும் படிக்காமல் ஜெரோம் என்கிற எழுத்தை மட்டும் தேடிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கி, கீழிருந்து மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது. நவ்ஷாத் என் பேரைச் சொல்கிறார். நான் தேடல் பெட்டிக்குப் போய்க் கையாலேயே போடுகிறேன், இடது புருவம், வலது முழங்கால். இல்லை. வலது புருவம். இல்லை. முழங்கால் மட்டும். இல்லை. வயதை எடுத்துவிடு. இல்லை. நீடாமங்கலத்துப் பக்கத்தைத் திறக்கிறேன், முதல் ஆள் வழுக்கைத் தலைப் பெரியவர், போட்டோவில் சிரிக்கிறார். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, ஒவ்வொன்றாகத் திறந்து ஒவ்வொரு முதல் முகத்தையும் பார்க்கிறேன். அவன் எந்த வரிசையிலும் இல்லை. எழுதிய வரியை மறுபடி படிக்கிறேன், சரியாக இருக்கிறது. மேலே படிக்கிறேன், கீழே படிக்கிறேன், எங்கேயும் ஒரு தப்பும் இல்லை, அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார் மனுஷன், அந்த ஒரு குறியைத் தவிர. இன்று சாயங்காலம் அம்மா கேட்பாள். இல்லைங்குதும்மா என்பேன். இத்தனை நாளில் இதுதான் நான் நம்பிச் சொல்லப்போகிற முதல் இல்லை. என்னால் வீடுவரைக்கும் பஸ்ஸில் இதை எடுத்துக்கொண்டு போக முடியும் என்று தோன்றவில்லை. மாத்திரைப் பையில் எழுதியிருந்த என் கையெழுத்து மட்டும் ஞாபகம் வருகிறது, காலை, இரவு, காலை, இரவு.

"அவங்களுக்குச் சொல்லணும்ல," என்கிறார் நவ்ஷாத். யாருக்கு? திரையில் வந்த அந்தச் சில வரிகள். ஆமாம், அவர்கள் இருக்கிறார்கள். முதல் வரியில் கறம்பக்குடிப் பக்கம் ஒரு ஊர், செல்லாயி, மகன் முருகேசனைத் தேடுகிறவர். இந்த அம்மாவை எனக்குத் தெரியும், குரலாகத் தெரியும், பேத்தியோ யாரோ நம்பரைப் போட்டுக் கொடுக்க ஆபீசுக்கு அடிக்கடி பேசுவார், ஏதும் தெரிஞ்சுச்சா தாயி என்பார், நான் இல்லைங்கம்மா என்பேன், சரி தாயி, நீ சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவருடைய பிள்ளை கும்பகோணம் இல்லத்தில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்திருக்கிறான். போட்டோவைத் திறந்து பார்க்கிறேன், கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். நான் பேச மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே ரிசீவரை எடுக்கிறேன், நவ்ஷாத் பேசட்டும், அவர்தானே எழுதினார், இல்லை, அவர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மணி அடிக்கிறது. எடுக்கிறார். "அலோ, ஆரு?" "திருச்சியிலேர்ந்து ஷீலா பேசறேம்மா. காணாமப் போனவங்களத் தேடுற ஆபீசு." "சொல்லு தாயி. இல்லைன்னு சொல்லத்தான கூப்புட்டுருக்க, சொல்லு." "அப்படி இல்லம்மா. ஒருத்தர் பொருந்துறாரு. கும்பகோணத்துல ஒரு இல்லத்துல இருக்காரு. நல்லா இருக்காரு. வலது கைல ரெண்டு வெரல் இல்ல." அந்தப் பக்கம் கோழி கூவுகிறது, யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள். "எந்த வெரலு?" "சுட்டு வெரலும் நடு வெரலும்மா." "அது கரும்பு மிசினுல போனது தாயி," என்கிறார், மெல்ல, ஏதோ என்னிடம் அந்தரங்கம் சொல்வதுபோல, அடுத்த நொடி குரல் பிளந்துகொண்டு வருகிறது, ஏ புள்ள, ஏ எல்லாரும் வாங்களேன், எம்புள்ள இருக்கானாம், கும்மோணத்துல இருக்கானாம், எம்புள்ள இருக்கானாம். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுகையும் ஓட்டமும் பல குரல்களும் எல்லாம் என் காதுக்குள்தான் நடக்கிறது, நான் சந்தோஷப்படுகிறேன், நிஜமாகவே படுகிறேன், அதே இடத்தில் அதே நேரத்தில் இந்த அம்மாமேல் எரிந்துகொண்டு வருகிறது, ஏன் உன் பிள்ளை, ஏன் உன் பிள்ளை மட்டும், இப்படி ஒரு நினைப்பு வருகிற பிறவியா நான், அதுவும் நிஜம். நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன். "தாயி, இருக்கியா?" என்று அவரே திரும்பி வருகிறார், மூச்சு வாங்க. "இருக்கேம்மா." "ஒனக்கு நான் என்ன செய்வேன். நீ நல்லாருப்ப. ஒங்கூடப் பொறந்ததுக ஒரு கொறையும் இல்லாம கடைசி மட்டும் ஒன்னோடயே இருக்கணும்." சரிங்கம்மா என்கிறேன். ரிசீவரை நவ்ஷாத்திடம் கொடுக்கிறேன், கும்பகோணத்து நம்பரை அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.